உரிமத்தில் இல்லாத பெயர்

விஸ்கியை முகர்ந்து, சுவைத்து நான் எழுதும் குறிப்புகளில் பார்லி, தண்ணீர், பீப்பாய் மரம் எல்லாம் இடம்பெறும். காய்ச்சிய பெண் இடம்பெற்றதில்லை.

ஸ்காட்லாந்தின் கார்டூ சிங்கிள் மால்ட்டையே எடுத்துக்கொள்வோம். பண்ணை வீட்டில் அதைக் கள்ளத்தனமாகக் காய்ச்சியவர் ஹெலன் கம்மிங். கலால் அதிகாரிகள் வந்தால் கையில் மாவோடு நின்று, ரொட்டி சுடுவதாகச் சொல்லித் தேநீர் கொடுப்பாராம். சிவப்புக் கொடி ஏற்றி அக்கம்பக்கத்தாரை எச்சரிப்பாராம். 1824இல் உரிமம் கிடைத்தது, கணவர் ஜான் பெயரில்.

பின்னர் மருமகள் எலிசபெத் ஆலையைப் புதிதாகக் கட்டினார். 1893இல் ஜான் வாக்கர் நிறுவனத்துக்கு விற்றார். ஜானி வாக்கர் புட்டியில் நடைபோடுபவரோ ஓர் ஆண்.

கார்டூ பற்றிய என் அடுத்த குறிப்பு ஹெலனிடமிருந்து தொடங்கும். மணமும் சுவையும் அதற்குப் பிறகுதான்.