பறை மேடையேறிய வழி

வேப்பமரத்தில் செதுக்கிய மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, இரும்புப் பட்டையால் பிணைத்து, பதப்படுத்திய மாட்டுத்தோலை இழுத்து ஒட்டினால் பறை. இடக்கையில் மெலிந்த நீளக் குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. நிலங்களுக்குரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொன்னது தொல்காப்பியம். அத்தனை பழைய கருவியைப் பின்வந்தவர்கள் சாவுக்கென்று ஒதுக்கினார்கள். அதை அடிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டாய வேலையாகச் சுமத்தினார்கள்.

எங்கள் கூடுவாஞ்சேரியிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் மதுராந்தகம். அந்தப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் தாம் தொடங்கிய இதழுக்கு அவர் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். பறை அடித்தவர்களை ஊர் இழிவாகச் சொன்ன பெயரைத் தலைநிமிர்ந்து அச்சிட்ட அந்தச் செயலில்தான் பறையின் மறுபயணம் தொடங்கியது என்பேன். நூறாண்டு கழித்து, திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறையாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர். கானா, ராப், கிடார், டிரம்ஸ் நடுவே பறையும் சட்டி மேளமும் முழங்கின.

கிடாருக்குப் பக்கத்தில் நிற்பது பறைக்கு எளிதல்ல. கிடாரின் சுதியைத் திருகி நிறுத்திவிடலாம். தோலுக்குத் தீ வேண்டும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால் தோல் விறைத்துக் கணீரென்று பேசும், ஆறினால் தொய்ந்துவிடும். மார்கழிப் பனியிலும் கடற்காற்றின் ஈரத்திலும் இன்னும் சீக்கிரம் தொய்யும். தெருவோரத்தில் தீ மூட்டலாம், குளிரூட்டிய அரங்கில் முடியுமா? அதனால் பல குழுக்கள் தோலை விட்டு ஃபைபர் பறைக்கு மாறிவிட்டன. மழையில் நனைந்தாலும் அது அசையாது, சுமக்கவும் எளிது. அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் காய்ச்சிய தோலின் அதிர்வு அடிவயிற்றில் இறங்கும். ஃபைபரின் ஓசை காதோடு நின்றுவிடுகிறது. ஒலிப்பதிவுக்காவது தோல் வேண்டும்.

பழைய கருவியைப் புதிய இசையோடு சேர்ப்பவர்கள் நாம் மட்டுமல்ல. கம்போடியாவின் சாப்பெய் என்ற நீண்ட கழுத்து நரம்புக் கருவியை 2016-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பார்வையற்ற முதிய கலைஞர் கொங் நாய், 2021-ல் வண்டா என்ற இளம் ராப் பாடகரின் பாட்டில் சாப்பெய் மீட்டிப் பாடினார். ஓசையை மட்டும் வெட்டி ஒட்டாமல், ஆசானையே அவர் பெயரோடு முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நம்மிடமும் 2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் சாவு வீட்டில் இரவெல்லாம் அடித்துவிட்டுக் கூலிக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் பெயரில்லாமல்தான் இருக்கிறார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை எத்தனை கல்லூரிகள்! ஆண்டு விழாவுக்குப் பறை பழகும் மாணவர்கள் பக்கத்து ஊர் ஆசானிடம் போய்க் கற்கட்டும். கல்லூரி அவருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுக்கட்டும், அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடட்டும்.