போலீஸிடம் 'ஒப்புக்கொண்டார்' என்றால் வழக்கு முடிந்துவிட்டதா?

"விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்." செய்தியில் இந்த வரியைப் பார்த்ததுமே பலர் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆனால் ஐதராபாத் ராமச்சந்திராபுரமோ, நம்ம ராயபுரமோ, ஸ்டேஷனில் போலீஸிடம் சொன்ன ஒப்புதலை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. சில சிறப்புச் சட்டங்கள் மட்டும் விலக்கு. முன்பு சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27-வது பிரிவுகளாக இருந்தது, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-வது பிரிவு.

அப்புறம் ஏன் வாயைத் திறக்கவைக்க இவ்வளவு பாடு?

அதே பிரிவில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் கத்தியோ, நகையோ கிடைத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். அழுத்தம் முழுக்க இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது என்பது என் கணிப்பு.

மனத்தடையை மருந்தால் உடைக்கலாமா?

கூடாது. மயக்க ஊசி போட்டுக் கேள்வி கேட்கும் நார்கோ சோதனையையும், பாலிகிராஃபையும் சம்மதம் இல்லாமல் நடத்தக்கூடாது என 2010 மே 5-ல் 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மதித்தாலும் சோதனை முடிவு மட்டுமே சாட்சியம் ஆகாது.

அழுத்தினால் உண்மைதான் வரும் என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என நிரூபணமானவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோரின் வழக்குகளில் பொய்யான ஒப்புதல் இருந்ததாக இன்னொசன்ஸ் ப்ராஜெக்ட் கணக்கு. (செய்யாததை யாராவது ஒப்புக்கொள்வாங்களா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.) பிரிட்டன் போலீஸ் 1990-களிலேயே 'பீஸ்' முறைக்கு மாறியது. அதில் ஆளை உடைப்பது நோக்கமில்லை. முழுசாகப் பேசவிட்டு, சொன்னதை ஆதாரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால்?

செல்லும், தானாக முன்வந்து சொன்னால் மட்டும். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் உங்களுக்கே எதிராகப் பயன்படலாம் என்று மாஜிஸ்திரேட் முதலில் எச்சரிக்க வேண்டும். கடைசி நேரத்தில் மறுத்தால், அதற்காக அவரைப் போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது.

ஐதராபாத்தின் மக்கா மசூதி வழக்கு இதில் பெரிய பாடம். 2007 மே 18 குண்டுவெடிப்பை அடுத்துப் பிடிபட்ட முஸ்லிம் இளைஞர்கள், சித்திரவதை செய்யப்பட்டதாகப் புகார் சொன்னார்கள், பிறகு விடுதலையானார்கள். அடுத்து விசாரணை வேறு பக்கம் திரும்பியது. 2010 டிசம்பரில் சுவாமி அசீமானந்தா டெல்லி மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புதல் கொடுத்தார், பின்னர் மறுத்தார். அது தானாகத் தந்ததல்ல என்று சொன்ன ஐதராபாத் என்ஐஏ நீதிமன்றம், 2018 ஏப்ரல் 16-ல் அவர் உட்பட 5 பேரையும் விடுவித்தது. அந்தக் குண்டுவெடிப்பில் இறந்தவர்கள் 9 பேர்.