புண் (மருத்துவம்)

புண் என்பது தோலின் அல்லது சளிச்சவ்வின் மேற்படலம் சிதைந்து, அடியிலுள்ள இழையம் திறந்து கிடக்கும் நிலையைக் குறிக்கும் மருத்துவச் சொல் ஆகும். ஆங்கில வழியில் அல்சர் எனப்படுகிறது. இதன் மூலம் உல்கஸ் என்ற இலத்தீன் சொல்லாகும்.

சொற்பொருள்

தமிழில் புண் என்பது பழஞ்சொல். திருக்குறள் தீயினால் ஏற்படும் புண்ணையும் (குறள் 129) போரில் பெறும் விழுப்புண்ணையும் (குறள் 776) குறிப்பிடுகிறது. எனவே பொதுவழக்கில் வெட்டுக்காயமும் தீக்காயமும் புண்ணில் அடங்கும். மருத்துவ வழக்கில், வெளித்தாக்கத்தால் உடனே உண்டாவது காயம். மேற்படலத்தை இழந்து எளிதில் ஆறாமல் நீடிப்பது புண். ஆறாத காயம் புண்ணாக மாறலாம்.

வகைகள்

புண்கள் பெரும்பாலும் தோன்றும் இடத்தாலோ காரணத்தாலோ பெயர் பெறுகின்றன:

வாய்ப்புண்: மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாவிடில் புற்றுநோய்க்கான சோதனை தேவை.
இரைப்பைப்புண்: இரைப்பையின் உட்சுவரில் ஏற்படுவது.
கருவிழிப்புண்: பார்வையைப் பாதிக்கக்கூடியது.
படுக்கைப்புண்: நெடுநேர அழுத்தத்தால் வருவது.
பாதப்புண்: நீரிழிவு, தொழுநோய் உடையோரிடம் காணப்படுவது.

பேச்சு வழக்கு

தமிழ்நாட்டுப் பேச்சில் அல்சர் என்றால் பெரும்பாலும் வயிற்றுப்புண் மட்டுமே. காரமும் கவலையுமே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. எலிக்கோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா முக்கியக் காரணம் எனக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். சில வலிநீக்கி மாத்திரைகளும் இப்புண்ணை உண்டாக்கும்.

வலியற்ற புண்

புண் என்றாலே வலி என்பது பொதுக்கருத்து. ஆனால் நீரிழிவாலும் தொழுநோயாலும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் பாதம் உணர்விழக்கிறது. காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்களில், வெயிலில் சூடேறிய கற்தளத்தில் வெறுங்காலுடன் நடக்கும்போது தோல் வெந்தாலும் அத்தகையோருக்குத் தெரியாமல் போகலாம். வலி இல்லாததால் அதே காலை ஊன்றி நடப்பர். புண் ஆழமாகி எலும்பை எட்டினால் காலையே இழக்க நேரிடலாம்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப்புண்ணுக்கு முதன்மைக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, உணர்வற்ற காலில் மீண்டும் மீண்டும் ஏற்படும் தாக்கமே என விளக்கினார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனை, 1955இல் நடுவண் அரசின் ஆய்வு நிறுவனமாயிற்று. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை இவ்விடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

தடுப்பு

உணர்வு குன்றிய பாதத்தை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதித்தல், மென்மையான உள்ளடி கொண்ட காலணி அணிதல், புண் வந்தால் அக்காலுக்கு ஓய்வளித்து மருத்துவரை நாடுதல் ஆகியவை முதன்மையான வழிகளாகும்.