குட்டி ரிமோட் கார்கள்

குட்டி ரிமோட் கார் என்பது வானொலி அலையாலோ அகச்சிவப்புக் கதிராலோ தொலைவிலிருந்து ஓட்டப்படும், ஒரு கையில் அடங்கிவிடும் பொம்மைக் கார். உண்மைக் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் அளவு விகிதத்தை வைத்து இவற்றை வகை பிரிப்பது வழக்கம். நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1/28 விகிதத்தில் 16 சென்டிமீட்டர் ஆகும். 1/43இல் பத்தரை, 1/64இல் ஏழு, 1/76இல் ஆறு. வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணையும் பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும்தான் பார்க்கிறார்கள். ஓட்டத்தில் ஒரு காரை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இவை இரண்டுமல்ல, சக்கரத்தைத் திருப்பும் முறை.

ரிமோட் கார் பிறந்தபோது பெரிதாகத்தான் இருந்தது. இத்தாலிய நிறுவனமான எலெட்ரோனிகா ஜோகாட்டோலி 1966இல் விற்ற பெராரி 250 எல்எம், 1/12 விகிதம் கொண்டது. ஜப்பானின் டாமியா 1976இல் தன் முதல் ரிமோட் காராக வெளியிட்ட போர்ஷே 934-உம் அதே விகிதம்தான். சுருங்கத் தடையாக இருந்தவை மூன்று: மின்கலம், அலைவாங்கி, திருப்பும் மோட்டார். இவற்றைச் சிறிதாக்கி, 1999இல் ஜப்பானின் கியோஷோ மினி-இசட் காரைக் கொண்டுவந்தது. 2001இல் டோமி நிறுவனம் ஏறத்தாழ 1/60 அளவில் பிட் சார்-ஜி காரை வெளியிட்டது. மறு ஆண்டே அமெரிக்காவின் ரேடியோஷாக் கடைகளில் ஜிப்ஜாப்ஸ் வந்தது. பிட் சார்-ஜியும் அங்கே மைக்ரோசைசர்ஸ் என்ற பெயரில் விற்பனையானது. இன்றைய குட்டிக் கார்களில் பெரும்பாலானவை மினி-இசட் வழியிலோ பிட் சார்-ஜி வழியிலோ வந்தவைதான்.

பிட் சார்-ஜி வழியில் திருப்புவதற்கு மோட்டாரே கிடையாது. முன்சக்கரங்களை இணைக்கும் தண்டில் ஒரு சிறு காந்தம். அதன் அருகே செம்புக் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் சக்கரம் இடப்பக்கம் சாயும், எதிர்த்திசையில் பாய்ந்தால் வலப்பக்கம். மின்சாரம் நின்றால் நேராகிவிடும். ஆகவே முழு இடம், நேர், முழு வலம் என்று மூன்றே நிலைகள். காரை ஓட்டும் மோட்டாரும் அப்படித்தான்: ஓடும் அல்லது நிற்கும். வளைவில் மெல்லத் திரும்ப விரும்புபவர் பொத்தானைத் தட்டித் தட்டி ஓட்ட வேண்டும். கைதேர்ந்தவர்கள் இதில் அசாத்தியமாக ஓட்டுவார்கள் என்பது உண்மை. ஆனாலும் அது காரின் குறையை விரலால் ஈடுகட்டுவதே.

மினி-இசட் வழி வேறு. காரின் மூக்கில் ஒரு சிறு மோட்டாரும் பல்சக்கரங்களும், சக்கரம் இப்போது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு உணரியும் இருக்கின்றன. கைக்கருவியின் வட்டை எவ்வளவு திருப்புகிறோமோ அந்த அளவுக்கே சக்கரமும் திரும்பும். முடுக்கமும் அதே விகிதத்தில் ஏறி இறங்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுத் தருவதன் மூலம் வேகத்தை அடக்கிக் கூட்டுகிறார்கள். வளைவுக்கு முன் வேகம் தணித்து, உள்விளிம்பை உரசி, வெளியேறும்போது முடுக்குவது என்ற கார்ப் பந்தயத்தின் அடிப்படைப் பாடம் முழுவதும் இங்கே செல்லுபடியாகிறது. நுரைப் பலகைகளைக் கோத்து அமைத்த தளங்களில் மினி-இசட் பந்தயங்கள் பல நாடுகளில் நடப்பதற்கும், பிட் சார்-ஜி சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போய்விட்டதற்கும் இந்த வேறுபாடே காரணம் என்று சொல்லலாம்.

மின்சாரத்திலும் இரண்டு வழிகள் உண்டு. மினி-இசட் காரில் நான்கு ஏஏஏ மின்கலங்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். அவற்றின் எடையே சக்கரங்களுக்குப் பிடிமானம் தருகிறது. பிட் சார்-ஜியை அதன் கைக்கருவியிலேயே மாட்டி ஒரு நிமிடம்போலச் சார்ஜ் செய்தால் சில நிமிடங்கள் ஓடும். மீண்டும் மாட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி அலுப்பூட்டவில்லை. நண்பர்கள் முறை மாற்றி ஓட்ட அது வசதியாகவே இருந்தது. லித்தியம் பாலிமர் மின்கலம் வந்தபின் இந்தக் கணக்கு மாறியது. கியோஷோவின் 1/43 அளவு டிநானோ கார் அதைப் பயன்படுத்தியது. இன்று வரும் மலிவான கார்களும் யுஎஸ்பி வடத்தில் சார்ஜ் ஆகின்றன.

ஜிப்ஜாப்ஸின் கவர்ச்சி ஓட்டத்தைவிடக் கழற்றி மாட்டுவதில் இருந்தது. மேற்கூடு, மோட்டார், பல்சக்கரம் எல்லாம் மாற்றத்தக்கவை. ரேடியோஷாக் நிறுவனம் பின்னர் 1/28 அளவில் எக்ஸ்மாட்ஸ் என்ற வரிசையையும் விற்றது.

அலைவரிசையில் பழைய கார்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அமெரிக்காவில் விற்ற ஜிப்ஜாப்ஸ் 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. ஒரே அலைவரிசையில் இரண்டு கார்களை ஓட்டினால் ஒருவர் கட்டளைக்கு மற்றவர் காரும் ஆடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் முறையில் ஒவ்வொரு காரும் தன் கைக்கருவியுடன் இணை சேர்ந்துகொள்வதால் பலர் ஒன்றாக ஓட்டலாம். கொனாமியும் டகாராவும் கொண்டுவந்த டிஜி-கியூ போன்ற அகச்சிவப்புக் கார்களுக்கு அலைவரிசைச் சண்டை குறைவு. ஆனால் நாற்காலியின் மறைவில் போனால் நின்றுவிடும், வெயிலில் தடுமாறும்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடும் 1/64 காரின் வேகத்தை 64ஆல் பெருக்கி, ‘640 கிலோமீட்டர் வேகத்துக்கு நிகர்’ என்று விளம்பரம் செய்ய முடியும். பெருக்கல் சரிதான், பொருள்தான் இல்லை. காரைச் சுருக்கும்போது தரையின் சொரசொரப்பும் புவியீர்ப்பும் கூடவே சுருங்குவதில்லை. அடிப்பகுதிக்கும் தரைக்கும் இரண்டு மில்லிமீட்டரே இடைவெளி உள்ள காருக்கு தரை ஓடுகளின் இணைப்புக் கோடே வேகத்தடை, கம்பளம் புதைகுழி. தரையில் கிடக்கும் தலைமுடி அச்சில் சுற்றிக்கொள்வதுதான் இந்தக் கார்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் நோய். கூர்முனை இடுக்கியால் முடியை உருவி எடுத்தால் பெரும்பாலும் பழைய ஓட்டம் திரும்பிவிடும்.

இன்றைய சந்தையில் இரு வழிகளும் கலந்துவிட்டன. குளிர்பான டின் வடிவப் பெட்டியில் விற்கும் சீனத் தயாரிப்புகள் பிட் சார்-ஜியின் மூன்று நிலைத் திருப்பத்தையே பின்பற்றுகின்றன. டர்போ ரேசிங் நிறுவனத்தின் 1/76 கார்களோ ஏறத்தாழ பிட் சார்-ஜி அளவிலேயே இருந்தும் மினி-இசட் போல அளவுக்கு ஏற்பத் திரும்பி முடுக்கம் பெறுகின்றன. இந்தக் கட்டுரையாளர் கணிப்பில், சிறுமையும் ஓட்டச் சுகமும் ஒருங்கே வேண்டுவோருக்கு இந்த இரண்டாம் வகையே பொருத்தம். பந்தயத்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் மினி-இசட்டை விஞ்ச ஒன்று இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு மூன்று நிலைக் கார் போதும்.

குழந்தைக்கு வாங்குபவர் தர முத்திரையையும் பார்க்க வேண்டும்: இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மின்சாரத்தால் இயங்கும் பொம்மைகளுக்கு உரிய தரம் ஐஎஸ் 15644.