பேராசிரியர் துரைராஜாவும் மண் பொறிமுறையும்

பேராசிரியர் அழகையா துரைராஜாவைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பேச்செடுத்தால் முதலில் வருவது அவருடைய சைக்கிள்தான். துணைவேந்தராக இருந்தவர் சைக்கிளில் போய்வந்தார் என்பதை அவரிடம் படிக்காதவர்களும் சொல்வார்கள். சொல்லவேண்டிய செய்திதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால், மண் பொறிமுறை படித்த வெளிநாட்டார் அறிந்த துரைராஜாவை நாம் அறியாமலே இருக்கிறோம்.

1934இல் வடமராட்சியில் பிறந்து, ஹாட்லிக் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் கற்ற அவர், கேம்பிரிட்ஜில் கென்னத் ரோஸ்கோவின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். அக்குழு அப்போது ஒரு பழைய சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மண்ணை உருக்குலைத்தால் அதன் கனவளவும் மாறும். நெருக்கமாக அமைந்த மணல் விரியும். தளர்ந்த களி சுருங்கி, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றப் பார்க்கும். நீருக்கு வழிவிட்டுச் சோதித்தால் ஒரு முடிவு, வழியை அடைத்துச் சோதித்தால் வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே விதிக்குள் அடக்குவது எப்படி?

துரைராஜா இதைச் சக்திக் கணக்காகப் பார்த்தார். வெளியிலிருந்து செய்த வேலை எவ்வளவு, கனவளவு மாற்றத்தில் போனது எவ்வளவு, மீள்தன்மையால் சேர்ந்ததோ விடுபட்டதோ எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்தார். மண்ணுக்குள் உராய்வில் செலவாகும் சக்தி மட்டும் எஞ்சியது. அது சராசரி அமுக்கம், உருக்குலைவு, அந்த மண்ணுக்கே உரிய ஒரு மாறிலி ஆகிய மூன்றின் பெருக்கமாக அமைந்தது. கனவளவு மாற்றத்துக்கு அந்தக் கோவையில் இடமே இல்லை! இரு வகைச் சோதனைகளுக்கும் அதுவே பொருந்தியது.

கேம்பிரிட்ஜில் ஓடும் ஆற்றின் பெயரால் ‘காம் களி’ எனப்படும் மாதிரியுரு இந்த அடிப்படையில் எழுந்தது. ரோஸ்கோ, அன்ட்ரூ ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் எழுதிய கட்டுரை 1963இல் ‘ஜியோடெக்னிக்’ இதழில் வந்தது. மென்களிமேல் போட்ட கரை எவ்வளவு அமிழும், சுரங்கப்பாதையைச் சூழ்ந்த மண் எவ்வளவு அசையும் என்று கணினியில் கணிப்பவர்கள் இன்றும் அந்த மாதிரியுருவின் வழிவந்தவற்றைக் கையாள்கிறார்கள். ஸ்கோஃபீல்டும் தம் பிற்கால எழுத்தில் துரைராஜாவின் பங்கைப் பெயர்சொல்லி ஏற்றிருக்கிறார்.

இவ்வளவையும் ஆய்வு மாணவராகச் செய்தவர், நாடு திரும்பி விரிவுரை மண்டபத்துக்கு வந்தார். கொழும்பில் 1950இல் தொடங்கிய பொறியியல் பீடம் 1960களின் நடுவில் பேராதனைக்குப் போனது. அங்கே பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். மகாவலித் திட்டத்தின் அணைகள் எழுந்த காலம் அது. மண்ணின் வலிமையைக் கணிக்கத் தெரிந்த பொறியியலாளர் நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அவர் கற்பித்த பாடத்துக்கு வேலைத்தளம் பக்கத்திலேயே இருந்தது.

1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, எரிபொருள் அரிது. சைக்கிள் கதையை இந்தப் பின்னணியோடு சேர்த்துச் சொல்வதே முறை. அதே ஆண்டில் கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. அப்படியொரு காலத்தில் பல்கலைக்கழகத்தை மூடாமல் வைத்திருப்பதே முழுநேர வேலை. ஆய்வுலகுக்கு அது இழப்புத்தான், மறைப்பதற்கில்லை. கேம்பிரிட்ஜில் அப்படித் தொடங்கியவர் பிற்காலத்தில் எழுதியிருக்கக்கூடியவை எழுதப்படாமலே போயின. ஆனாலும் அந்த ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களை வைத்துப் பார்த்தால், அவர் தேர்ந்தது சரி என்றே சொல்வேன்.

1994 ஜூனில், அறுபது வயது நிரம்புமுன் மறைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல்தான் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தது. அங்கே மண் பொறிமுறை கற்பிக்கும் விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். துரைராஜாவின் சக்திக் கணக்கை, முதலாண்டு மாணவருக்கும் விளங்கும்படி, இருபது பக்கத்தில் தமிழில் எழுதித் தாருங்கள். அடுத்த நினைவு மலரில் புகழுரைகளைக் குறைத்துக்கொண்டு அதை முதலில் அச்சிடலாம்.