பழைய நைட்டி, கோணி ஊசி... வில்வித்தை டார்கெட் ரெடி!

ஆசைப்பட்டு ஒரு ரிகர்வ் வில்லும் அரை டஜன் அம்பும் வாங்கியாச்சு. அடுத்த கேள்வி, எதன் மேல் விடுவது? ஃபோம் டார்கெட்டின் விலையைப் பார்த்தால் வில்லையே திருப்பிக் கொடுத்துடலாமானு தோணும். கவலை வேண்டாம், வீட்டிலேயே செய்துடலாம். ஆனால், அட்டையில் வட்டம் வரைஞ்சு சுவரில் சாய்த்து வைப்பதோடு வேலை முடிஞ்சதுனு நினைச்சுடாதீங்க. வட்டம் கடைசி வேலை. அம்பை நிறுத்துவதுதான் முதல் வேலை.

பாய்ந்து வரும் அம்பு முட்டி மோதி நிற்கக் கூடாது, உராய்ந்து நிற்கணும். பிளைவுட்டில் விட்டால் தெறித்து உங்கள் பக்கமே திரும்பலாம். மணல் மூட்டை அம்பைக் கெடுத்துவிடும். தெர்மாகோல் உராய்வுச் சூட்டில் உருகி அம்பில் ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்பாஞ்ச் மெத்தையோ, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுற கதைதான். அம்பு அந்தப் பக்கம் போய்விடும்.

அப்போ எது சரி? என் ஓட்டு சாக்குக்குத்தான். பெரிய சணல் சாக்கு ஒண்ணு எடுங்க. பழைய நைட்டி, லுங்கி, டி-ஷர்ட், கிழிஞ்ச பெட்ஷீட் எல்லாம் உள்ளே போகலாம். ஜிப், பட்டன், ஊக்கு மட்டும் ஒண்ணுவிடாமல் வெட்டி எடுத்துடுங்க. ஒரு சின்ன உலோகத் துண்டில் பட்டாலே அம்பு தெறிக்கும், இல்லைன்னா முனை கெடும். முதலில் மூலைகளில் துணியைச் சுருட்டித் திணிங்க. பிறகு அடுக்கடுக்காகப் போட்டு, காலால் மிதிச்சு இறுக்குங்க. நீங்கள் நினைப்பதைவிட ரொம்ப நிறைய துணி பிடிக்கும். வீட்டுத் துணி பத்தாவிட்டால் டெய்லர் கடை வெட்டுத்துணியோ, ஒர்க்‌ஷாப்களில் கை துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட்டோ போதும். விரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது, தடிமன் 30 செ.மீ-க்குக் குறையக் கூடாது. கடைசியாக, கோணி ஊசியால் வாயைத் தைச்சுடுங்க.

அட்டைப்பெட்டியிலும் செய்யலாம். அட்டைகளை 30 செ.மீ அகலப் பட்டைகளாக வெட்டி, புத்தகம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் பலகை வைத்து லாரி பெல்ட்டால் இறுக்கணும். அம்பு அட்டையைக் குத்தாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே நுழையணும். அதுதான் சூட்சுமம்.

இதெல்லாம் 20, 25 பவுண்டு இழுவிசை உள்ள தொடக்கநிலை வில்லுக்கு. காம்பவுண்ட் வில்லோ, பிளேடு முனை அம்போ வைத்திருந்தால் இந்த டார்கெட் வேண்டவே வேண்டாம். முதல் அம்பை 5 மீட்டரில் இருந்து விட்டுப் பாருங்க. பின்பக்கம் முனை எட்டிப் பார்த்தால் இன்னும் துணி திணிக்கணும்.

டார்கெட்டைவிட முக்கியம், அதற்குப் பின்னால் என்ன இருக்கு என்பது. மொட்டை மாடி வேண்டாம். குறி தப்பினால் அம்பு தெருவில், யாரோ ஒருவர் மேல் இறங்கும். பின்னால் உயரமான மண்மேடோ, யாரும் வராத வெட்டவெளியோ இருக்கணும். பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் வில்வித்தையில் தங்கம் வென்ற ஹர்விந்தர் சிங், 2020 லாக்டவுனில் பயிற்சி எடுத்தது அறுவடை முடிந்த சொந்த வயலில்தான். நமக்கு வயல் இல்லைன்னா, காம்பவுண்டு சுவருக்கு முன்னால் கனமான பழைய கார்ப்பெட்டைத் தளர்வாகத் தொங்கவிடலாம். கீழ்முனையைக் கட்டாதீங்க. துணி அசைந்தால்தான் அம்பின் வேகம் அடங்கும். குழந்தைகள், நாய் திடீர்னு ஓடிவரும் இடம்னா, அங்கே வில்லை எடுக்கவே எடுக்காதீங்க.

இப்போ வட்டம். உள்ளரங்கப் போட்டிகளில் 18 மீட்டர் தூரத்தில் வைப்பது 40 செ.மீ விட்டமுள்ள முகப்பு. ஒரு ஆணி, நூல், பென்சில் போதும். நூலை 4, 8, 12, 16, 20 செ.மீ-க்கு வைத்து ஐந்து வட்டம் போடுங்க. உள்ளிருந்து வெளியே மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. சார்ட் பேப்பரை சாக்கில் நாலு மூலையிலும் நூலால் தைச்சுடுங்க, குண்டூசி வேண்டாம்.

அம்பைப் பிடுங்கும்போது ஒரு கையால் டார்கெட்டை அழுத்திக்கிட்டு, இன்னொரு கையால் அம்பை டார்கெட்டுக்கு ஒட்டிப் பிடிச்சு லேசாகத் திருகி நேராக இழுங்க. உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். சட்டென்று வெளியே வரும் அம்பின் வால் நேரே கண்ணுக்குப் போகும்.

நடுவில் பள்ளம் விழுந்தால் சாக்கைத் திருப்பி வைங்க. ராத்திரி வெளியே விட்டுடாதீங்க. நனைஞ்ச துணி காயறதுக்குள்ள பூஞ்சை பிடிச்சு, வீடே நாறிடும்.