தொண்டுக்கு அழைத்த மடல்கள்

சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களிடையே தொண்டுக்கு ஆள் சேர்க்க ஒரு காலத்தில் மடலே தேவைப்படவில்லை. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. ஒரு மௌத்துச் செய்தி வந்தால் குரல் கொடுத்தாலே போதும். குளிப்பாட்ட ஒருவர், கபன் துணி வாங்க ஒருவர் என ஆள் கூடிவிடும். 1941இல் அமைந்த சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் பள்ளிக்கூடம் தொடங்கியதும், அது உமறுப் புலவர் பெயரில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்ததும் இந்த நெருக்கத்தின் பலனே.

எழுபதுகளில் அக்குடும்பங்கள் வீவக வீடுகளுக்குப் பெயர்ந்து பிடோக், அங் மோ கியோ, ஜூரோங் எனச் சிதறின. நம் சங்கம் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். குரல் எட்டாத தொலைவுக்கு மடல் எழுத வேண்டியதாயிற்று.

பழைய சுற்றறிக்கைகளின் நடை நம் பெரியவர்களுக்கு மனப்பாடம். ஸலாமில் தொடங்கும், தொண்டின் நன்மையைச் சொல்லும், "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி ஒத்துழைப்பு நல்குமாறு" என்று முடியும். படிக்க அழகு, ஆனால் என்ன வேலை, எத்தனை மணிக்கு என்பது இராது. வாசித்தவர் எல்லாரும் வேறு யாரோ போவார்கள் என்று இருந்துவிடுவர். நோன்புக் கஞ்சி வேலைதான் இதைத் திருத்தியது எனலாம். அரிசி களைய, இஞ்சி பூண்டு உரிக்க, தேங்காய்ப்பால் எடுக்க, அஸருக்குப் பின் வாளி தூக்க எனக் கஞ்சிக்குத் தனித்தனி வேலைகள். "சனிக்கிழமை காலை, பூண்டு உரிக்க நான்கு பேர்" என்று எழுதினால் அந்த நான்கில் ஒருவராகத் தன்னை எண்ணிக்கொள்ள எவருக்கும் எளிது. அந்த மடல்களும் "சகோதரர்களே" என்றுதான் விளித்தன. பூண்டில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே உரித்துக் கொடுத்தவர்கள் பெண்கள்!

2020 ரமலானில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் நோய் பரவ, அங்கிருந்தவர்களிடம் அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டியிருந்தது. அந்நாளில் கைப்பேசியில் பரவிய அழைப்புகளில் அடைமொழி இல்லை. தமிழ் பேசத் தெரியுமா, எந்த நாள் முடியும், அவ்வளவே. பழைய நடைக்குப் பழகியவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் தமிழ் மடலைப் பெற்றோரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்கும் பிள்ளைகளுக்கும் அது புரிந்தது. இளையோர் சேவைக்கு வருவதில்லை என்ற பேச்சை அதன் பிறகு என்னால் முழுதாக ஏற்க முடிந்ததில்லை.

ஒரு வேலைக்கு மட்டும் இன்றுவரை எழுத்து உதவவில்லை. பெண் மையித்தைக் குளிப்பாட்டப் பெண்களே வர வேண்டும். மாமியாரிடமிருந்து மருமகளும், தாயிடமிருந்து மகளும் கூடவே நின்று கற்ற வேலை அது. தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. பொது அழைப்பு அனுப்பினால் பதில் வருவதில்லை. "பயமா இருக்குமே" என்று தயங்குபவரிடம், "நீ தண்ணி மட்டும் எடுத்துக் கொடும்மா, நான் பக்கத்துல இருக்கேன்" என்று மூத்தவர் ஒருவர் தொலைபேசியில் சொல்லும்போதுதான் ஆள் கிடைக்கிறார்.